நின்று ஓடிய கடிகாரம்

அவர் முதன்முதலாக எங்கள் கேட்டுக்குள் நுழைந்த அன்று காலையிலிருந்தே மழை. தலையோடு சேர்த்துப் போர்த்திய நீல மழைக்கோட்டு, அந்தக் கோட்டின் கைக்கு மேலே ஒரு கைக்கடிகாரம். அதன் வார் ஒரு குழந்தையின் இடுப்பைச் சுற்றிவிடும் நீளம். மிஞ்சிய வாரை மடித்து ஒட்டுப்பட்டையால் ஒட்டியிருந்தார். முகப்பின் மேல் மழைத்துளிகள் வழிந்தபடி இருந்தன. செக்யூரிட்டி இன்டர்காமில் என்னைக் கூப்பிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "மேடம், ஒருத்தர் வந்துகிறாரு. மழைக்கோட்டு மேல வாட்ச்சு கட்டிக்கினு இருக்காரு. உள்ள வுடட்டுமா?"

நான் வாசலுக்குப் போனேன். என் பார்வை அவர் கையில் விழுந்ததைக் கண்டுகொண்டார். "தப்பா நெனக்காதீங்கம்மா. கோட்டு மேல கட்டிப் பழகிக்கினு இருக்கேன். மேல போறவங்க அப்டித்தான் கட்டணும்" என்றார். 'மேல' என்று சொன்னபோது அவர் கை உயரவில்லை. கண் மட்டும் ஒரு கணம் வடக்கே, ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் திசைக்குப் போய்த் திரும்பியது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கிடங்கு மாதிரி தெரியும் ஒரு கட்டடம்தான் எங்கள் ஆய்வுக்கூடம். பொருள்களை வதைத்துப் பார்ப்பது எங்கள் தொழில். கார் ஹாரன், வைப்பர் மோட்டார், பம்புசெட்டின் மூடி என்று எது வந்தாலும் உலுக்குவோம், வறுப்போம், உறைய வைப்போம், உப்புத்தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க விடுவோம். எதுவரை தாங்கியது என்று அறிக்கை எழுதிக் கொடுப்போம். அந்த அறிக்கைகளில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. "நல்லா இருக்கிற பொருள ஒடச்சுப் பாக்கறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்கறாங்கோ?" என்று அப்பா இன்றைக்கும் கேட்பார். செயற்கைக்கோள் பாகங்களுக்காக எங்கள் முதலாளி ஒரு பெரிய இரும்பு உருளையை வாங்கிப் போட்டிருந்தார். அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூட்டையும் குளிரையும் வேண்டிய அளவுக்கு ஏற்றலாம். சேம்பர் என்போம். ஆள் நுழையும் அகலம், பக்கவாட்டில் தடித்த கண்ணாடி ஜன்னல் ஒன்று. பூமியில் இல்லாத ஓர் இடத்தை அதற்குள் உண்டாக்க முடியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு அவர் பையிலிருந்து எடுத்து வைத்தவை ஆறு கடிகாரங்கள். எல்லாம் ஒரே அச்சு. நம் நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போகப் போகிறவர்களின் கையில் கட்டுவதற்கென்று அவருடைய கம்பெனி முயன்று பார்க்கும் கடிகாரம். தேர்வானால் தேர்வாகலாம், அவ்வளவுதான் உறுதி. அவர்தான் அதை வடிவமைத்த பொறியாளர். சொந்த ஊர் பழவேற்காடு. கருவாடும் இறாலும் விற்கிற குடும்பத்தில் அவர் ஒருவர்தான் பொறியியல் படித்துவிட்டுக் கடிகாரத்தின் பக்கம் போனவர். சோதனை நடந்த மாதங்களில் தன் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு, பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் எங்களிடம் வந்துபோனார். சேம்பரை இயக்கும் எங்கள் டெக்னீசியனுக்கு ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர். எளாவூர் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர் வந்தவரைப் 'பாய்' என்றார். எனக்குக் 'கடிகார சார்'. பெயர் சொல்லி நான் அவரை ஒருநாளும் அழைத்ததில்லை. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் அது. முகப்பில் கண்ணாடிக்குப் பதிலாக ஒருவகைப் பிளாஸ்டிக். ஏன் என்று கேட்டேன். "கண்ணாடி ஒடஞ்சா இங்க கீழ வுழும், பெருக்கிடலாம். அங்க வுழறதுக்கு எடம் ஏதும்மா? மூஞ்சிக்கு முன்னாடி மெதந்துக்கினு இருக்கும். கண்ணுல போவும், மூச்சுல போவும்" என்றார். அதுவரை எடையில்லாமை என்றால் ஆட்கள் குட்டிக்கரணம் போடுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். ஓர் உடைந்த கண்ணாடிச் சில்லு விழ இடமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது.

எளாவூர் அண்ணனுக்கு இந்த வேலையில் முதலில் நம்பிக்கை வரவில்லை. "அங்க போய் மணி பாத்து இன்னா பண்ணப் போறாங்கோ பாய்? ராக்கெட்டுல இல்லாத கடியாரமா?" என்று கேட்டார். கடிகார சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதிர்பார்த்திருந்த கேள்வி போலப் பதில் சொன்னார். முன்னொரு காலத்தில் நிலவுக்குப் புறப்பட்ட கலம் ஒன்று பாதிவழியில் பழுதானது, மின்சாரத்தைச் சேமிக்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் குளிரில் நடுங்கியபடி திரும்பி வந்தார்கள், வழியைத் திருத்துவதற்கு எஞ்சினை எரிக்க வேண்டியிருந்தது, எத்தனை விநாடி எரிப்பது என்று கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் எண்ணினார்கள் என்றார். அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம் இன்னொண்ணுண்ணே. பூமியச் சுத்திக்கினே இருந்தா ஒண்ணர மணிக்கொரு தபா பொழுது விடியும். நம்ம ஒரு நாள் முடியறதுக்குள்ள அங்க பதினாறு விடியல். அதுல எந்த விடியலப் பாத்துப் பல்லு வெளக்குவ? ஊரு நேரத்தக் கையில கட்டிக்கினுதான் போவணும்."

ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர் அவர். சேம்பர் அறையின் ஒரு மூலையில் அவருக்காக இடம் ஒழித்துக் கொடுத்திருந்தோம். சூரியனைப் பார்த்து நேரம் குறிக்கும் ஒரு வழக்கத்துக்குள் வளர்ந்தவருக்கு, சூரியனை நம்பி நேரம் சொல்ல முடியாத ஓரிடம் உண்டு என்பது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டும்! அந்த வியப்பிலிருந்துதான் அந்தக் கடிகாரம் முளைத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

காற்றில்லாச் சோதனை நடந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். ஆறு கடிகாரங்களையும் சேம்பருக்குள் ஒரு சட்டத்தில் பொருத்தினோம். அவர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு சின்ன மைக்கையும் உள்ளே தொங்கவிட்டு, அதை வெளியே ஒலிபெருக்கியில் இணைத்தோம். கதவை மூடியதும் ஆறு கடிகாரங்களின் துடிப்பும் அறை முழுக்கக் கேட்டது. தகரக்கூரையில் சிறுதூறல் விழுகிற மாதிரியான சத்தம். அண்ணன் பம்பை ஓடவிட்டார். காற்று வெளியேற வெளியேற அந்தத் தூறல் தேய்ந்தது. யாரோ கடிகாரங்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார்கள், பிறகு தெருவுக்கு, பிறகு ஊருக்கு வெளியே என்பது போல. கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை. நின்றுவிட்டன என்று பதறி நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஆறு விநாடி முள்களும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தைச் சுமந்துவர அங்கே எதுவும் மிச்சமில்லை, நேரம் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் நான் படித்துத் தேறிய விஷயம்தான். ஆனாலும் கண்ணெதிரே அந்த மௌனத்தைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அண்ணன் மெதுவாக, "யப்பா" என்றார். கடிகார சார் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த மாதங்களில் ஒரு பிற்பகல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் புறப்பட்டது. தொழிற்பேட்டை முழுவதும் மொட்டைமாடிகளில் ஆட்கள் ஏறி நின்றார்கள். எங்களுக்குப் பழகிய காட்சிதான். மரங்களுக்கு மேல் ஒரு வெளிச்சம் எழும், வெள்ளைக்கோடு ஒன்று வளைந்துபோகும், பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். அன்று கடிகார சார் யாரையும் இறங்கவிடவில்லை. "இருங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டு கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கெட் கண்ணுக்கு மறைந்து, கோடு மட்டும் கலைந்துகொண்டிருந்தபோது, இரண்டு நிமிடம் ஆகப்போகிற நேரத்தில், தூரத்து இடி மாதிரி அந்த முழக்கம் வந்து ஜன்னல்களை அதிர வைத்தது. "இப்பதான் அது நம்மகிட்ட சொல்லிக்கினு போவுது" என்றார் அவர். எத்தனையோ முறை கேட்ட முழக்கம். போய்விட்ட ஒன்றின் குரல் என்று நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

மழைக்காலத்தில் தொடங்கிய சோதனைகள் கோடைவரை நீண்டன. உலுக்கலில் தேறியது. அதிர்ச்சியில் தேறியது. அடுப்பில் வைத்தது போன்ற சூட்டில் தேறியது. மிஞ்சியிருந்தது கடுங்குளிர் மட்டும். திரவ நைட்ரஜனைக் குழாய்களில் ஓடவிட்டு, சேம்பரின் உள்ளே நம் ஊரில் யாரும் கற்பனைகூடச் செய்யாத குளிரை உண்டாக்கினோம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேமரா படம் எடுக்கும். அந்தக் குளிரில் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கலாம் என்று சோதனை விதிகளே இடம் கொடுத்திருந்தன. ரமலான் மாதம் அது. அவர் நோன்பு பிடித்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நானும் அண்ணனும் கேன்டீன் போக, அவர் மட்டும் ஜன்னலருகே இருந்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நின்னுச்சும்மா" என்றார்.

"எது சார்?"

"மூணாவது வாட்ச்சு. முள்ளு நின்னுச்சு. கண்ணக் கொட்டாம பாத்துக்கினு இருந்தேன். அப்புறம் அதுவா ஓட ஆரம்பிச்சிருச்சு."

நான் கேமராவின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு படங்களுக்கு நடுவே அந்தக் கடிகாரம் சில விநாடிகள் பின்தங்கியிருந்தது. விதி அனுமதித்ததைவிட அது குறைவு. படத்தை மட்டும் பார்க்கிற யாரும் கடிகாரம் தேறிவிட்டது என்றுதான் சொல்வார்கள். எளாவூர் அண்ணன் குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்கு இன்னா பாய் வந்துச்சு? கேமராவுக்கே தெரியல. நீங்க சொல்லலன்னா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார். "எனக்குத் தெரிஞ்சு போச்சேண்ணே" என்று பதில் வந்தது. அதைச் சொன்ன விதத்தில் பெருமையோ பிடிவாதமோ இல்லை. கையில் சூடு பட்டுவிட்டது என்று சொல்கிறவரின் குரல் அது.

குளிர்ச் சோதனையை மறுபடியும் இரண்டு முறை நடத்தினோம். இம்முறை கேமரா இடைவிடாமல் பதிவு செய்தது. கடிகாரம் ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடவில்லை. அதற்குள் அவர் கம்பெனியின் மேலாளர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். எல்லாச் சோதனையும் முடிந்தது என்ற நினைப்பில் காரில் இனிப்புப் பெட்டிகளோடு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் என் அறையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். பல வருட உழைப்பு, கம்பெனியில் அதற்காக அவர் போட்ட சண்டைகள், எல்லாம் அவர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தன.

"ரெண்டு தடவ முழுசா ஓட்டிப் பாத்தாச்சு. ஒண்ணுமே இல்ல. நோன்பு வேற இருக்கீங்க. வெயில்ல வந்து பசியோட நின்னுட்டிருந்திருப்பீங்க, கண்ணு இருட்டியிருக்கும். விட்ருங்க சார்" என்றார்.

கடிகார சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு தபா ஓடுச்சுன்னு நான் பாத்துக் கையெழுத்துப் போட்டுருக்கேன் சார். ஒரு தபா நின்னுச்சுன்னு பாத்ததும் அதே கண்ணுதான். ஒண்ண எடுத்துக்கினு இன்னொண்ண வுட முடியாது."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "மேடம், அறிக்கை எழுதறது நீங்க. உங்க கருவியில எதுவும் பதிவாகல. நீங்க சொல்லுங்க." நான் ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, கடிகார சாரை வெளியே அழைத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், அவர் சற்றுத் தயங்கினால்கூடப் போதும், சந்தேகம் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது. "நிச்சயமாத் தெரியுமா சார்?" என்று கேட்டேன். எதிரே ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "கலத்துக்கு வெளியே ஒருத்தன் தொங்கிக்கினு வேல பாப்பான்மா. மத்ததெல்லாம் கெட்டுப்போயி, இன்னும் எவ்ளோ நேரத்துக்குக் காத்து இருக்குதுன்னு இதப் பாத்துதான் அவன் கணக்குப் போடணும்னு ஒரு வேள வந்துச்சுன்னா..." நான் உள்ளே போய், கண்ணால் கண்ட நிறுத்தம், தேறவில்லை என்று எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கிளம்பினார். இனிப்புப் பெட்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டில் செக்யூரிட்டியிடம் இறக்கிவைத்துவிட்டுப் போனார். ஒருவாரம் அந்தக் கேட்டைக் கடந்த லாரிக்காரர்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு கிடைத்தது.

அவரைக் கம்பெனியில் சுவர்க்கடிகாரப் பிரிவுக்கு மாற்றினார்கள். கல்யாணங்களிலும் கம்பெனி ஆண்டுவிழாக்களிலும் பரிசாகக் கொடுப்பார்களே, அந்தக் கடிகாரங்கள். அதைப் பற்றி அவர் குறைபட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. ஆனால் விடுமுறை நாள்களில் பழவேற்காட்டு பஸ்ஸிலும் பொன்னேரி ரயிலிலுமாக மறுபடி எங்களிடம் வரத் தொடங்கினார். வேறு யாருடைய பொருளுக்காவது குளிர்ச் சோதனை நடக்கும்போது, சேம்பரின் ஓர் ஓரத்தில் அந்த மூன்றாவது கடிகாரத்தையும் வைக்க எங்கள் முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தார். கூட்டமான பஸ்ஸில் படிக்கட்டோரம் ஒண்டிக்கொண்டு போகிற மாதிரி அது பல பயணங்கள் போனது. ஒருமுறைகூட நிற்கவில்லை. மற்றவர்கள் தங்கள் பொருள் நிற்காமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் இடத்தில், இவர் ஒருவர் மட்டும் நின்று தொலையாதா என்று காத்திருந்தார். மாலையில் கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, "இன்னிக்கும் ஓடிருச்சும்மா" என்று சோர்ந்துபோய்ச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அண்ணனுக்கு அது பெரிய பேஜார். "ஓடுற வாட்ச்சப் பாத்து அழுவுற ஆள இங்கதான் பாத்தேன்" என்பார்.

மறு மழைக்காலம் வந்தது. ஒருநாள் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தவர், சேம்பர் ஜன்னலில் ஆவி படிந்திருப்பதைக் கண்டு உள்ளங்கையால் துடைத்தார். துடைத்த கையை இறக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் ஈரம். "அந்த மூணாவது வாட்ச்ச மூடுன அன்னிக்கு மழைம்மா" என்றார். "கரண்டு போயி ஏசி நின்னுபோச்சு. ஜன்னலத் தெறந்து வெச்சுக்கினுதான் மூடுனேன்." அவர் நினைத்தது இதுதான். மழைக்காற்றின் ஈரம் கடிகாரத்துக்குள் சிறைப்பட்டுவிட்டது. கடுங்குளிரில் அது பனியாக உறையும். பெரும்பாலும் கடிகாரக் கூட்டின் சுவரில் படிந்து சும்மா இருக்கும். எங்கே படிய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்ல முடியாதே. என்றோ ஒருநாள், ஓட்டத்தின் உயிரான அந்தச் சுருள்வில்லின் மேல் படிந்தால்?

உள்பக்கம் தெரியும்படி முதுகில் கண்ணாடி பதித்த கடிகாரம் ஒன்றை அவர் எடுத்து வந்தார். எங்கள் கட்டடத்தின் பின்வாசலில், சாரல் அடிக்கும் இடத்தில் அதைத் திறந்துவைத்து, காற்றுப்படவிட்டு, பிறகு மூடினார். சேம்பருக்குள் வைத்தோம். ஜன்னலுக்கு வெளியே உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்றைப் பொருத்திக்கொண்டு மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அடுத்து வந்த ஒரு முற்பகலில், என் முறை வந்தபோது, தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருள்வில்லின் விளிம்பில் ஏதோ மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்தது. ஒரு காம்பு, அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து இன்னும் நுண்ணிய கிளைகள். வெள்ளை இறகு ஒன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதைப் போல இருந்தது. பனி விழுவதைக் கண்ணால் பார்த்தே இராத ஊர் எங்களுடையது. வெளியே கும்மிடிப்பூண்டி மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு நெல்மணி அகல இடத்தில், எங்கோ துருவத்தில் இருக்க வேண்டிய ஒன்று எனக்காக மலர்ந்துகொண்டிருந்தது. எதற்காகப் பார்க்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது. சுருளின் மூச்சு குறுகியது. சக்கரம் தயங்கியது. பிறகு நின்றது.

நான் கையை ஆட்டி இருவரையும் அழைத்தேன். எட்டிப் பார்த்த அண்ணன், "நின்னுச்சு பாய்! நின்னே போச்சு!" என்று கூரை அதிரக் கத்தினார். கடிகார சார் லென்ஸில் கண்ணை வைத்தார். அந்த இறகு உடைந்து, துகள் சிதறி, சக்கரம் மறுபடி ஆட ஆரம்பிப்பதை அவர் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. "எனக்குக் கண்ணு இருட்டலம்மா" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு நாளும் அந்த ஒரு சொல் அவருக்குள் முள்ளாகக் கிடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காரணம் தெரிந்தபின் வழி எளிது. ஈரமே இல்லாத வாயுவை நிரப்பி, அதற்குள் வைத்துக் கடிகாரத்தை மூடினால் போதும். சொல்லும்போதுதான் எளிது. அதைச் செய்து முடித்து, எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து மறுபடி நடத்தினோம். அவரைச் சுவர்க்கடிகாரத்துக்கு அனுப்பிய அதே மேலாளர்தான் கம்பெனியில் மீண்டும் வாதாடி அதற்கு வழி செய்தார். இம்முறை நான் எழுதிய அறிக்கையில், பழைய நிறுத்தத்தையும் அதன் காரணத்தையும் முன்பக்கத்திலேயே சேர்க்கச் சொன்னார் கடிகார சார். மேலாளர் பெருமூச்சு விட்டார், மறுக்கவில்லை.

இதை எழுதும் இன்று அவர் ஓய்வு பெற்றுப் பழவேற்காட்டில் இருக்கிறார். நான் அதே ஆய்வுக்கூடத்தில் வைப்பர் மோட்டார்களை வதைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கடிகாரம் மேலே போகும், யார் கையில் போகும் என்பதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வேலையில் இருந்தபோது கடைசியாக நடந்த ஒரு நாள் சங்கதி மட்டும்தான்.

அன்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். விண்ணுக்குப் போகிறவர் அல்ல. போகிறவர்கள் அணியும் உடையை அவர்களுக்கு முன்னால் தரையில் அணிந்து, அதோடு எதையெல்லாம் செய்ய முடியும், எது முடியாது என்று பார்க்கிற பெண். மேசையில் மூன்று கம்பெனிகளின் கடிகாரங்கள். காற்றழுத்தத்தில் விறைத்துப்போன ஒரு கையுறைக்குள் கையை நுழைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்தார். அதற்குள் விரலை மடக்குவதென்பது லாரி டயரை வளைப்பது போல. ஒவ்வொரு வாருக்கும் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. கடிகாரங்களைக் கொண்டுவந்தவர்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எப்பவாவது நின்னிருக்கா?"

முதலாமவர், "ஒரு தடவகூட இல்ல மேடம்" என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

கடிகார சார் எழுந்து நின்றார். "நின்னுருக்கு மேடம். ஒரு தபா அதுவா நின்னுச்சு. அப்புறம் நாங்க நிக்க வெச்சோம்."

அவர் கம்பெனி மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கையுறையிலிருந்து கையை உருவிக்கொண்டு, "ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார். கடிகார சார் சொன்னார். மழையை, திறந்திருந்த ஜன்னலை, இறகைப் போல வளர்ந்த பனியை, அது உடைந்ததை. என்னிடமிருந்து அறிக்கையை வாங்கி அந்தப் பெண் முன்பக்கத்தை நிதானமாகப் படித்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. மறுபடி கையுறைக்குள் கையை நுழைத்து, அந்தக் கடிகாரத்தை எடுத்து, வாரைச் சுற்றி ஒட்டினார். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார். சோதனை முடிந்ததும் கையுறையிலிருந்து அதைக் கழற்றித் தன் சட்டைக் கையின் மேலேயே இரண்டு சுற்றாகக் கட்டிக்கொண்டார். அப்படியே கேன்டீனுக்கு வந்து டீ குடித்தார். எளாவூர் அண்ணனிடம் சேம்பரைப் பற்றி நெடுநேரம் விசாரித்தார். வண்டி வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி ஏறிக்கொண்டார்.

கதவு மூடும்போதுதான் மேலாளருக்கு நினைவு வந்தது. "சார், வாட்ச்! அவங்க கையிலயே இருக்கு! கழட்ட மறந்துட்டாங்க!" என்று படியில் இறங்கி ஓடப் பார்த்தார். கடிகார சார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வண்டி கேட்டைத் தாண்டி, இரும்பாலை லாரிகளுக்கு நடுவே புகுந்து, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது.

"வுடுங்க சார்" என்றார். "கட்டிக்கினே போவட்டும்."